ஐந்தடிக்கப் பத்து நிமிடம்

நெவ்ஸாத் வாங்கிய சம்பளம் மெய்ப்புத் திருத்துவதற்கானது; அவனுடைய உண்மையான பணி சிறைக்குப் போவது. இஸ்தான்புல்லில், ஜாலோலு மேட்டில், மெலாஹத் நடத்திய பதிப்பகத்தின் மாத இதழில் கடைசிப் பக்கத்தின் அடியில் பொறுப்பாசிரியர் என்று அச்சாவது அவன் பெயர். எழுதியவர் யாராயினும் கூண்டில் நிற்க வேண்டியவன் அவன். அந்த மேட்டில் இருந்த இடதுசாரிப் பதிப்பகம் ஒவ்வொன்றிலும் இப்படி ஒருவன் இருந்தான்.

சென்ற ஆண்டு அவனுக்குப் பதினெட்டு மாதத் தண்டனை விதித்த நீதிபதி, அதை நிறுத்திவைத்திருந்தார். ஐந்தாண்டுகளுக்குள் வேறொரு குற்றம், அது எத்தனை அற்பமானதாயினும், நிரூபிக்கப்பட்டால் பழைய பதினெட்டு மாதங்களும் உயிர்பெற்றுவிடும். ஆகவே மே மாத இதழை வழக்கறிஞர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு ஒரு வாரம் பல் பிடுங்கினார்கள். எஞ்சியவை ரொட்டி விலை பற்றிய கட்டுரையும், துறைமுகத் தொழிலாளர் விடுதிகளைப் பற்றிய ஓர் அறிக்கையும், யாரையும் புண்படுத்தாத சில கவிதைகளும்தான்.

“இதப் படிச்சா சுல்தானே சந்தா கட்டுவார்,” என்றாள் மெலாஹத்.

“பெயர் என்னோடது அக்கா. எனக்கு அந்தச் சந்தாவே போதும்.”

எந்த இதழும் விற்பனைக்குப் போகுமுன் இரண்டு படிகளை அரசு வழக்குரைஞர் அலுவலகத்தில் ஒப்படைத்து, முத்திரையிட்ட ரசீது பெற வேண்டும். ஜாலோலுவில் அதற்கு ஒரு முறை இருந்தது. ஐந்து மணிக்கு மூடும் அலுவலகத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போவார்கள். மேலங்கியில் ஒரு கையை நுழைத்துவிட்ட குமாஸ்தா, படிக்காமலேயே முத்திரை குத்துவார். மறுநாள் காலை யாரேனும் படித்துப் பறிமுதல் உத்தரவு எழுதுவதற்குள் கட்டுகள் கடைகளைச் சேர்ந்திருக்கும். நெவ்ஸாத் நாற்பத்தொரு முறை இவ்வாறு போயிருக்கிறான். மறைக்க ஏதுமற்ற இந்த இதழைக் காலை ஒன்பது மணிக்கே கொடுத்திருக்கலாம் என்பது அவனுக்கோ மற்றவர்களுக்கோ தோன்றவில்லை.

கட்டுகளைச் சுமக்கும் துர்சுன் அன்று வழக்கத்துக்கு மாறாக இரண்டு மணிக்கே வந்து நின்றார்.

“சீக்கிரம் குடுங்கம்மா. இன்னிக்கு ஊரே சீக்கிரம் மூடுது.”

“என்னிக்குத்தான் நீங்க அவசரப்படல?” என்றாள் மெலாஹத், தேநீர்க் கோப்பையிலிருந்து தலை நிமிராமல். “எடுத்துட்டுப் போங்க. இதுல பிடிக்க என்ன இருக்கு?”

போகும்போது துர்சுன் பெருநாள் வாழ்த்துச் சொன்னார். “உங்களுக்கும்,” என்று அலுவலகத்திலிருந்த நால்வரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த அறையில் நோன்பு வைத்தவர் எவருமில்லை. தேநீர் காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தது.

ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நெவ்ஸாத் நீதிமன்றத்தின் முன் நின்றான். பெருங்கதவில் சங்கிலி தொங்கியது. படியில் உட்கார்ந்திருந்த காவலர், மடியில் ஒரு ரொட்டிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி?”

“இதழ் ஒப்படைக்கணும் அண்ணே.”

“நாளைக்குப் பெருநாள். இன்னிக்கு அரை நாள்தானே, ஒரு மணிக்கே பூட்டியாச்சு.” காவலர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “நோன்பு வெக்கிறதில்லையோ?”

நெவ்ஸாத் தெருமுனைப் பொதுத் தொலைபேசிக்கு ஓடி, சட்டைப்பையிலிருந்த ஒரே தொலைபேசி வில்லையைப் போட்டான்.

“அக்கா, கட்டுகளையெல்லாம் நிறுத்துங்க.”

“எதை நிறுத்த? அங்காரா பஸ் மூணு மணிக்கே போயிருச்சு. பெருநாள் கூட்டம்னு முன்னாடியே எடுத்துட்டான். இங்க கடைங்கள்ல எல்லாம் தொங்குதாம். ஏன்?”

சொன்னான். “நாலு பேர் இருந்தோமேடா, ஒருத்தருக்கும் நினைப்பு வரலியே,” என்றாள் மெலாஹத். வில்லையின் நேரம் முடிந்தது.

ஒப்படைக்காமல் விநியோகித்தல் குற்றம். அலுவலகம் திறக்க மூன்று நாளாகும். அதுவரை இதழ் ஊரெங்கும் தொங்கி அவனுக்கெதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும். திரும்பி வந்தான்.

“உள்ள ஒரு வழக்குரைஞர்கூட இல்லையா அண்ணே?”

“லீவு நாள் முறைக்காரர் ஒருத்தர் இருக்கார். பிணம் விழுந்தா, இல்ல கைதியக் கொண்டாந்தாத்தான் பார்ப்பார். பக்கவாட்டுக் கதவு அதுக்குத்தான் திறந்திருக்கு.”

இன்றே இதழை ஒப்படைக்க வந்ததற்குப் பதிவு வேண்டுமானால் அந்தக் கதவு ஒன்றே இருந்தது. நெவ்ஸாத் அதைச் சற்று நேரம் பார்த்தான்.

“அப்ப என்னைக் கொண்டு போங்க. ஒரு குற்றம் நடந்திருக்கு.”

“நீ பண்ணினியா?”

“என் பேர்ல நடந்திருக்கு.”

முறைப்பணியிலிருந்த அரசு வழக்குரைஞர் இளையவர், சலித்துப்போயிருந்தார். நெவ்ஸாத் இரண்டு படிகளையும் மேசைமேல் வைத்தான். அங்கே ஏற்கெனவே மூன்றாவதாக ஒன்று, நடுப்பக்கத்தில் விரிந்து, கவிழ்ந்து கிடந்தது.

“நாலு மணிக்குக் கொஞ்சம் நடக்கப் போனேன். மூலைக்கடையில வாங்கினேன்,” என்றார் வழக்குரைஞர். “ரொட்டி விலைக் கட்டுரை நல்லாத்தான் இருக்கு.”

“ஐயா, இப்பவே ரெண்டையும் வாங்கிட்டு ஒரு முத்திரை போட்டா...”

“முத்திரை அலமாரியில. சாவி குமாஸ்தாகிட்ட. அவர் பெருநாளுக்குச் சொந்த ஊர் சிவாஸுக்குப் போய்ட்டார். சாவி இருந்தாலும் அஞ்சு மணின்னுதான் போடுவேன். நான் நாலு மணிக்கே கடையில வாங்கிட்டேனே.” அவர் இதழைப் புரட்டினார். “முழுக்கப் படிச்சுட்டேன். தடை பண்ண ஒரு வரி இல்ல. காலையிலயே கொடுத்திருக்கலாமே, எதுக்கு மூடுற நேரம் வரைக்கும் காத்திருந்தே?”

நெவ்ஸாத்துக்கு விடை தெரியும். அதைச் சொல்வது, முந்தைய நாற்பத்தொரு இதழ்களுக்கும் சேர்த்து வாக்குமூலம் கொடுப்பதாகும்.

“வழக்கம்,” என்றான்.

வழக்குரைஞர் அந்தச் சொல்லை எழுதிக்கொண்டார். முன்பு தண்டனை உண்டா என்று கேட்டு, பழைய கோப்பு எண்ணையும் கேட்டார். நெவ்ஸாத்துக்கு அது மனப்பாடம். பதினெட்டு மாதம் என்ற இடத்தில் பேனா சற்றே நின்றது. பிறகு மேலே சென்றது. தாளைத் திருப்பிவைத்தார். நெவ்ஸாத் ஒருமுறை முழுவதும் படித்துவிட்டு, கையெழுத்திட்டான்.

நீதிமன்றம் திறக்கும்வரை அவனை அடைத்துவைத்த கீழ்த்தளத்து அறையில் காவலர் கம்பிக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டார். நோன்பு திறக்கும் பீரங்கி தொலைவில் முழங்கியது. அவர் ஓர் ஆலிவ் காயை வாயிலிட்டு, ரொட்டியைப் பிய்த்துப் பாதியைக் கம்பி வழியே நீட்டினார்.

“நோன்பு இல்லேன்னாலும் பசிக்கும்ல.”

நெவ்ஸாத் வாங்கிக்கொண்டான்.

“அண்ணே, இந்த மூணு நாளையும் பதினெட்டு மாசத்துல கழிப்பாங்களா?”

காவலர் மென்றுகொண்டே யோசித்தார்.

“கழிப்பாங்க. ஜெயிலுக்கு மட்டும் அரை நாள் கிடையாது.”