பங்கு பிரித்த விதானம்

அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் தொப்பி வைத்த ஒருவர்தான் கேட்டார்.

“அந்தப் பொண்ணு யாரப் பாக்குது?”

“பக்கத்து வீட்டுக்காரன,” என்றாள் நீவெஸ்.

கூட்டம் சிரித்தது. காலையில் வந்த முதல் கூட்டமும் இதே இடத்தில்தான் சிரித்தது. நீவெஸ் சிரிக்கவில்லை. அவள் கண் வாசல் பக்கமே இருந்தது. ஜெனோவாவின் பழைய மாளிகைகளை ஊருக்குத் திறந்துவிடும் இரண்டு நாட்களில் இது முதல் நாள். சந்தில் தொடங்கிய வரிசை, கருங்கல் படிகளில் ஏறி இரண்டாம் மாடி வரை வளைந்து நின்றது.

விதானத்தில் பாறையோடு சங்கிலியால் கட்டப்பட்ட ஒரு பெண். கீழே அலை, அலைக்குள் ஏதோ ஒரு மிருகத்தின் வால். அவள் வானத்தைப் பார்க்கிறாள். அவள் பார்க்கும் இடத்தில் வானம் இல்லை, வெள்ளையடித்த ஜிப்சம் சுவர் இருக்கிறது. சுவரிலிருந்து முளைத்ததுபோல ஒரு வாளின் நுனி மட்டும் இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. வாளைப் பிடித்த வீரன், அவன் சிறகு வைத்த செருப்பு, மேகம், குதிக்கும் மிருகத்தின் தலை எல்லாம் அந்தப் பக்கம், குவால்தியேரோவின் பங்கில். விவாகரத்தானபோது இருவருக்குமே வேறு வீடு பார்க்க வழியில்லை. வரவேற்புக் கூடத்தை நடுவில் அடைத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். நீவெஸுக்குச் சந்துப் பக்கம் பார்த்த ஜன்னலும் சமையலறையும், குவால்தியேரோவுக்குப் பெரிய வாசலும் கணப்படுப்பும். இந்த ஊரில் இது புதிதல்ல. எதிர்ச் சந்துப் பல் மருத்துவரின் காத்திருப்பறையில் ஒரு தேவதை முழங்கால் வரைதான் இருக்கிறாள். மீதிக்கு அடுத்த கதவைத் தட்டி வக்கீலிடம் போக வேண்டும்.

நீவெஸ் கிளம்பத் தயாராக இருந்தாள். ஊரின் கிழக்குக் கடலோரமான நெர்வியில் புதுக் கட்டடம் ஒன்றில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். லிஃப்ட் உண்டு, ஜன்னலில் கடல், கையை உயர்த்தினால் எட்டிவிடும் கூரை. அந்தக் கூரையைத்தான் அவள் மகளிடம் தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஈஸ்டருக்கே பெட்டிகளைக் கட்டிவிட்டாள். ஒரு தட்டு, ஒரு கோப்பை, காப்பிப் பாத்திரம் மட்டும் வெளியே. அதற்குப் பிறகு பொழுது போகவில்லை. ஜன்னலுக்கும் சமையலறைத் தொட்டிக்கும் நடந்தாள். கட்டிய பெட்டியைப் பிரித்து வேறு மாதிரி கட்டினாள். நெர்வி வீட்டுக்காரர் இந்த மாதக் கடைசி வரைதான் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். இந்த வீட்டை விற்றால்தான் அங்கே பணம் கட்ட முடியும். இதை வாங்க வந்தவரோ மிலான்காரர், ரிவோல்தா என்று பெயர், கட்டடக் கலைஞர். வாங்கினால் இரண்டு பாதியும் சேர்த்து வாங்குவார், சுவரை எடுத்துவிட்டு ஓவியத்தை முழுசாக்குவார், இல்லாவிட்டால் வேண்டாம். குவால்தியேரோ குளிர்காலத்தில் ‘சரி’ என்றான். அப்புறம் ரிவோல்தா வரக் கேட்ட ஒவ்வொரு நாளும் அவனுக்குக் காய்ச்சல், முதுகுவலி, பல்வலி. இன்று ஊருக்கே கதவு திறந்தாக வேண்டும், தப்ப முடியாது என்று நீவெஸ்தான் ரிவோல்தாவை இன்றைக்கு வரச் சொன்னாள்.

விளக்கம் சொல்ல வந்திருந்த கல்லூரிப் பெண் நொயேமி கூட்டத்தைப் பக்கத்துக் கதவுக்கு அழைத்துப் போனவள் அப்படியே திரும்பி வந்தாள்.

“சிஞ்ஞோரா, அவர் தொறக்கவே மாட்டேங்கிறார். உள்ள ரேடியோ ஓடுது. தட்டினா சத்தத்தக் கூட்டி வைக்கிறார்.”

நீவெஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கதவில் உள்ளங்கையால் அறைந்தாள்.

“குவால்தியேரோ! செத்துட்டியா?”

“ஆமா,” என்றது உள்ளேயிருந்து குரல். “அடக்கம் திங்கக்கிழமை. மலர்வளையம் வேண்டாம்.”

“பாதிப் படம் பாத்துட்டு முழு ஊரும் படியில நிக்குது. தொறக்கறியா, இல்ல உன்னப் பத்தி நானே விளக்கம் சொல்லவா? நேரம் நெறைய இருக்கு எனக்கு.”

தாழ்ப்பாள் விலகியது. அவள் மட்டும் நுழையுமளவு திறந்து, உடனே மூடினான். சவரம் செய்யாத முகம், பொத்தான் மாறிப் போட்ட ஸ்வெட்டர். நீவெஸ் பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தாள். மேலே சதுரம் சதுரமாக வெள்ளைப் பலகைகள். அலுவலகங்களில் போடுவார்களே, அந்த ஃபால்ஸ் சீலிங். அறை சட்டென்று குட்டையாகியிருந்தது. நெர்வி வீட்டின் உயரம்தான் இருக்கும்.

“இது எப்போ?”

“ரெண்டு குளிர் ஆச்சு. ஹீட்டர் போட்டா சூடு மொத்தமும் மேல போய் வாள் புடிச்ச அந்தப் பயலுக்குத்தான் சேருது. அவனோ துணிகூட சரியாப் போடல. நான் ஏன் அவனுக்காக பில் கட்டணும்?”

“ஒரு பலகைய எடு.”

“எதுக்கு? அவன் அங்கதான் இருக்கான்.”

குவால்தியேரோ அசையவில்லை. ஏணி புத்தக அலமாரியின் பின்னால் சாய்த்து வைத்திருந்தது. நீவெஸ் அதை இழுத்து நட்ட நடுவில் விரித்தாள். “உனக்கு முட்டி வலி,” என்றான். அவள் ஏறினாள். தலையால் முட்டிப் பலகையை நகர்த்தி, கைப்பேசி வெளிச்சத்தை மேலே காட்டினாள்.

முதலில் ஈர வாடை. பிறகு, மெல்ல, கை. வாளைப் பிடித்த கை அப்படியே இருந்தது, நரம்பு புடைத்து, விரல்கள் இறுகி. தோளும் இருந்தது. தோளுக்கு மேலே ஒன்றுமில்லை. காரை பெயர்ந்து, அதற்கு அடியில் வேய்ந்திருந்த நாணல் பாய் பல்லைக் காட்டியது. முகம், மேகம், மிருகத்தின் தலை, சிறகுச் செருப்பு எல்லாம் போயிருந்தன. போனவை அவள் மோவாயின் உயரத்தில், பலகைகளின் முதுகில் கிடந்தன. விழுந்த இடத்தில் கிடக்கவில்லை. யாரோ பொறுக்கி எடுத்து, செய்தித்தாள் விரித்து, நீலத்தை நீலத்தோடும் சதை நிறத்தைச் சதை நிறத்தோடும் சேர்த்து அடுக்கிப் பார்த்து, பொருந்தாமல் விட்டிருந்தார்கள். ஒரு துண்டில் கண்ணும் பாதி மூக்கும் இருந்தன. மீதி வெறும் பொடி.

“மேல் வீட்டுக் குழாய்,” என்றான் கீழேயிருந்து. “மொதல்ல ஒரு கறைதான் தெரிஞ்சுது. வாளி வச்சேன்.”

“ரெண்டு வருஷமா வாளி வச்சியா?”

“புகார் குடுத்தா அதிகாரிங்க வருவாங்க, சீல் வைப்பாங்க, என்னத் தெருவுல நிறுத்துவாங்க. அவங்களுக்கு முன்னாடி நீ திட்ட வருவ,” என்றான்.

அவள் இறங்கினாள். தலைமுடியில் ஒட்டடை. திட்டுவாள் என்று அவன் காத்திருந்தது முகத்தில் தெரிந்தது. ஒரு சண்டைக்கு அவனும் தயாராகவே இருந்தான். அவளோ அலமாரி, ரேடியோ, பாதி தின்ற ஃபொக்காச்சா ரொட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

குவால்தியேரோ குரலைத் தாழ்த்தினான். “கேளு. மிலான்காரன்கிட்ட சூட்டுக்காகப் போட்டதுன்னு சொல்றேன். பழைய ஃபோட்டோ இருக்கு, நம்ம கல்யாணத்தப்ப எடுத்தது, முழுப் படமும் அதுல தெரியும். அதக் காட்டறேன். கையெழுத்துப் போட்டப்புறம் அவன் பிரிச்சுப் பாக்கட்டும், என்னைத் தேடட்டும், நான் பாத்துக்கறேன். நீ நெர்விக்குப் போ.”

“ஏன் இவ்வளவு அக்கறை?”

“சுவத்துக்கு அந்தப் பக்கம் நீ பொட்டியக் கட்டறதும் பிரிக்கறதுமா இருக்க. எனக்கும் தூக்கம் வேணாமா? போய்த் தொலையேன், நிம்மதியா.”

கதவு தட்டப்பட்டது. நொயேமியின் பின்னால் ரிவோல்தா நின்றார். சாம்பல் கோட்டு, பழுப்பு நிறத்தில் மின்னும் காலணி. நீவெஸின் பாதியைப் பார்த்துவிட்டு வந்த முகம், சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஒரு கோப்பை ஒயின் குடித்தவர்போல் மலர்ந்திருந்தது.

“அந்தப் பொண்ணோட கழுத்து, சிஞ்ஞோரா! ரெண்டு நிமிஷம் அசையல நான். இப்ப அந்த வாள்காரரப் பாத்துட்டா போதும்.” மேலே பார்த்தார். “ஓ.”

“சூட்டுக்காக,” என்றான் குவால்தியேரோ. சரளமாகச் சொன்னான். கூரையின் உயரம், குளிர், வயசு என்று அடுக்கினான். புகைப்படத்தை எடுத்து நீட்டினான். அதில் முகமும் மேகமும் முழுசாக இருந்தன. கீழே, ஓரத்தில், கையில் கோப்பையோடு யாரோ இளம்பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தானேதான் என்று நீவெஸ் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரமாயிற்று.

ரிவோல்தா தலையசைத்தார். “நல்ல யோசனைதான். ஒரு வகையில பாதுகாப்பும்கூட. திங்கக்கிழமை நோட்டரிகிட்ட வந்துடறீங்களா ரெண்டு பேரும்?”

அவ்வளவுதான். அவள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. தலையைக்கூட ஆட்ட வேண்டாம், சும்மா நின்றால் போதும். வாசலுக்கு வெளியே வரிசை முணுமுணுத்தது. ஜெனோவாக்காரர்கள் இலவசமாகக் காட்டினாலும் முணுமுணுப்பார்கள். நெர்வியில் இந்த நேரத்துக்கு வெயில் கூடத்தின் பாதி வரை வந்திருக்கும். குவால்தியேரோ அவளைப் பார்க்காமல் ஏணியை மடக்கக் கை வைத்தான்.

“இருக்கட்டும்,” என்றாள் நீவெஸ். “ஏறிப் பாருங்க, சிஞ்ஞோர் ரிவோல்தா.”

“பரவால்ல, ஃபோட்டோலயே—”

“ஏறிப் பாருங்க.”

குவால்தியேரோ ஏணியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டான். அது ஆடும் என்று இருவருக்கும் தெரியும். மறு காலை அவள் பிடித்தாள். ரிவோல்தா கோட்டைக் கழற்றி நொயேமியிடம் கொடுத்துவிட்டு, மின்னும் காலணியைப் பார்த்துப் பார்த்து வைத்து ஏறினார். தலை ஓட்டைக்குள் போயிற்று, பிறகு தோள். இடுப்புக்குக் கீழே மட்டும் ஒரு மனிதன் வெள்ளைப் பலகைகளிலிருந்து தொங்கிக்கொண்டு நின்றான். ரேடியோவை யாரும் நிறுத்தியிருக்கவில்லை, துறைமுகக் காற்றைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. இருவரும் ஏணியைப் பிடித்தபடி அந்தக் கால்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலே செய்தித்தாள் சரசரத்தது. பலகை இடுக்கிலிருந்து கொஞ்சம் நீலப் பொடி, அவசரமில்லாமல், அவர்கள் கைகளின் மேல் இறங்கியது.