இடது கதவு

இடது கதவு அசையவில்லை. பானுமதி தோளைக் கொடுத்து இன்னொரு முறை தள்ளினாள். அடிப்பக்கம் தரையில் கிறீச்சிட்டு ஒரு விரற்கடை நகர்ந்தது. மறுபடி முரண்டு பிடித்து நின்றுவிட்டது.

வலது கதவை மட்டும் திறந்தால் ஓர் ஆள் நுழையலாம். நாலு பேர் தூக்கி வரும் அப்பாவை நுழைக்க முடியாது.

செல்போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கணவன் அறிவுமதி.

"பானு, மாமாவை வண்டில ஏத்தியாச்சு. டிரைவர் கேக்குறாரு, காட்டூர் வீட்டுக்கா, நேரா ஓயாமாரி சுடுகாட்டுக்கா? ஓனர்கிட்ட பேசிட்டியா?"

"வீட்டுக்குத்தான். பேசிடுறேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். ஆனால் இது வாடகை வீடு. போன வருஷம் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்காரர் கேட்டைப் பூட்டிக்கொள்ள, குடியிருந்தவரின் உடல் வெயிலில் ரோட்டோரமே கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த அப்பா வீரமலை அன்று சாப்பிடவில்லை. "என்னைய எங்க வேணா எரிங்க. ஒரு மணி நேரம் நம்ம வீட்டுக் கூடத்துல படுக்க வெச்சுட்டு எரிங்க" என்றார். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

ஸ்ரீரங்கத்துக்குப் போன் போட்டாள். வீட்டுக்காரர் ராஜகோபாலன் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"சாமி, அப்பா… காலைல அஞ்சு மணிக்கு… நெஞ்சு வலி."

"வீட்டுக்குக் கொண்டு வராளா?"

"நீங்க சரின்னா…"

"நீ ஒண்ணும் பண்ணாதே. நான் வரேன்."

கட். சரியா, கூடாதா? ஒன்றும் சொல்லவில்லை.

"அவ்வளவுதான், பூட்டுச் சாவியோட வருவாரு பாரு" என்றாள் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய், கூடத்துச் சோபாவை ஒரு பக்கம் தூக்கியபடி. "எட்டு மாசமா ஒரு கதவச் சரி பண்ணித் தராத மனுசன்!"

எட்டு மாசம்தான். ஆனி மாதத்தில் ஒரு நாள் மேல் கீலின் ஆணி காணாமல் போய், இடது கதவு தரையில் உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து வாரம் தவறாமல் அப்பாவின் வாய்ஸ் மெசேஜ் ஸ்ரீரங்கம் போகும். "சாமி, வணக்கம். கதவு இன்னைக்கும் தொறக்கல. ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்க."

ராஜகோபாலனும் ஸ்கூட்டரில் வந்துவிடுவார். "ஏன் ஓய், பொன்மலை ஒர்க்‌ஷாப்ல முப்பத்தஞ்சு வருஷம் ரயில் பெட்டியப் பிரிச்சுப் பூட்டினவர், ஒரு கதவு வராதா உமக்கு?"

"ரயிலு கவர்மெண்டுது சாமி. கதவு உங்களுது. உங்க சொத்துல நான் கை வெக்கலாமா?"

பழைய தேக்குக் கதவு. அந்த அளவு ஆணி எந்தக் கடையிலும் கிடையாது. இருவரும் ஒரே ஸ்கூட்டரில் பெரிய கடைவீதி முழுக்க அலைவார்கள். காபி குடித்துவிட்டு, வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு, வெறுங்கையோடு திரும்புவார்கள். இருவருக்கும் மனைவி இல்லை. இருவருக்கும் வேறு வேலையும் இல்லை.

கதவை நெம்பியாவது பார்க்கலாம் என்று பானுமதி அப்பாவின் டூல் பெட்டியைத் திறந்தாள். சுத்தியலுக்கு அடியில் ஒரு பழைய மூக்குப்பொடி டப்பா. உள்ளே கிரீஸ் தடவி, துணி சுற்றி, சாண் நீளத்தில் ஓர் இரும்பு ஆணி.

கீல் ஆணி.

அடப்பாவி அப்பா! இது ராஜகோபாலன் கண்ணில் பட்டால்? எட்டு மாசம் ஏமாற்றிய ஆளுக்கா கூடத்தில் இடம் தருவார்?

வாசலில் ஸ்கூட்டர் சத்தம். ஆணியைச் சட்டென்று இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நெற்றியில் நாமம், கையில் மஞ்சள் பை. ராஜகோபாலன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகக் கதவிடம் போனார்.

"சாமி, ஒரு மணி நேரம் போதும். அதுக்கப்புறம் நானே வீட்டைக் கழுவி விட்டு…"

"அவர் இருந்த வீட்டுக்கு அவர் வரதுக்கு என்னைக் கேட்பாளா? நகரு."

பைக்குள்ளிருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஓர் ஆணி. அதே நீளம், அதே தடிமன்.

"எங்க கெடைச்சுது சாமி?"

"லேத்ல சொல்லிப் பண்ணினேன்."

ஆணியில் செம்புள்ளியாகத் துரு பிடித்திருந்தது. கீழே விழுந்த தாளைப் பானுமதி பார்த்தாள். ஜவுளிக் கடை ஒன்றின் ஆடித் தள்ளுபடி விளம்பரம். இப்போது நடப்பது மாசி.

அவள் நிமிர்ந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"என்ன பார்த்துண்டு நிக்கறே? கதவைத் தூக்கு."

கடப்பாரையைக் கொடுத்து அவள் தூக்க, அவர் ஆணியை இறக்கி, அப்பாவின் சுத்தியலால் நாலு தட்டு தட்டினார். இடுப்பில் இருந்த ஆணி அவளை அழுத்தியது. அசையாமல் நின்றாள்.

ஆம்புலன்ஸ் வந்தபோது கதவின் இரண்டு பக்கமும் அகலத் திறந்திருந்தன. வீரமலை இடிபடாமல், சாயாமல், தாராளமாக உள்ளே வந்தார்.

ராஜகோபாலன் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். ஒரு மணி நேரம் மூன்றாயிற்று, எழுந்திருக்கவில்லை. ஒரே ஒரு முறை குனிந்து, "கதவு திறந்துடுத்து ஓய்" என்றார்.

எல்லோரும் ஓயாமாரிக்குப் போன பிறகு அவர் வாசற்படியில் தயங்கினார். காவிரியில் முழுகிவிட்டுத்தான் அவர் தன் வீட்டுக்குள் போகவேண்டும். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"அடுக்களைக் குழாய் சொட்டறதே?"

"ஆமா சாமி. போன வாரத்துலேருந்து."

"அடுத்த மாசம் வந்து பார்க்கறேன். அதுக்குள்ள நீ ஆள் கீள் கூப்பிட்டுடாதே."

"கூப்பிட மாட்டேன்."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டித் தேய்ந்தது.

பானுமதி அடுக்களைக்குள் போனாள். குழாயின் நட்டில் அப்பாவின் ஸ்பேனர் பிடித்த புதுத் தடம் பளபளத்தது. அரைத் திருகு திருகினால் நின்றுவிடும்.

இடுப்பிலிருந்த ஆணியைத் துணியில் சுற்றி, பொடி டப்பாவுக்குள் போட்டு, டூல் பெட்டியை மூடினாள். வாளியை மட்டும் இழுத்து, சொட்டு விழும் இடத்துக்கு நேராக வைத்தாள்.