அனுப்பாத வீடியோக்கள்

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் லெர்மாவின் போன் அடிக்கடி உறைந்துபோக ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் திறந்தால், படங்கள் இருந்த இடமெல்லாம் வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள். மெமரி கார்டு பழுதாகிவிட்டது, அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாமா என்று போன் கேட்டது. அவள் பதில் எதுவும் கொடுக்காமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீன் அலசப் போனாள்.

அவள் கணவன் எல்மர் அதை எடுத்துப் பார்த்தான். அந்தக் கார்டில்தான் மகள் மாயுமியின் ஆறு வருஷமும் இருந்தது.

எல்மர் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்காரன். மகள் பிறந்தபோது சிங்கப்பூரில் இருந்தான். அவள் நடக்கத் தொடங்கியபோது எங்கே இருந்தான் என்று அவனுக்கே நினைவில்லை. போன வருஷம் டெங்கு வந்து அவள் சொந்த ஊரான இலோய்லோவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவன் கப்பல் நடுக்கடலில் இருந்தது. அடுத்த துறைமுகத்தில் இறங்கி, மூன்று விமானம் மாறி அவன் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்து, கல்லறைச் சிமெண்டும் காய்ந்திருந்தது. அவனைப் பொறுத்தவரை மகள் என்பது லெர்மா அனுப்பிய வீடியோக்கள்தான். கப்பலில் இணையம் கிடைக்கும் நாளில் அவை ஒவ்வொன்றாக வந்து இறங்கும். அவன் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்ப்பான்.

"கடைல குடுத்துப் பாக்கறேன்," என்றான்.

"எதுக்கு? நல்லதெல்லாம் உனக்கு அனுப்பிட்டேனே. உன் போன்லயே இருக்கு."

"அது கொஞ்சம்தானே. இதுல எவ்வளவோ இருக்கும்."

"விட்டுடு எல்மர்."

அவள் மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னாள். துக்கத்தைக் கிளற வேண்டாம் என்று நினைக்கிறாள் போலும் என்று அவன் எடுத்துக்கொண்டான். கார்டை உருவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சந்தைக்குப் போகும் ஜீப்னி வண்டியில் ஏறிவிட்டான்.

லா பாஸ் சந்தைக்குப் பின்புறம், பச்சோய் சூப் கடைகளின் வாசனையடிக்கும் சந்தில் ஜெர்சனின் போன் கடை இருந்தது. ஜெர்சன் குண்டு மனிதன், வாய் ஓயாது. கார்டை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இத எத்தன தடவ உருவி உருவிச் சொருகினீங்க, மனோங்?" என்றான். தெரியாத ஆளையும் அந்த ஊரில் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஒரு நாலஞ்சு தடவ."

"போதும். இனிமே தொடாதீங்க. சொருகற ஒவ்வொரு தடவையும் போன் இதுமேல என்னத்தையாவது கிறுக்கும். கீழ இருக்கறது அழிஞ்சு போகும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பொண்டாட்டிக்குத் தெரியக்கூடாத படம் எதாச்சும்னா இப்பவே சொல்லிடுங்க. நான் கண்ண மூடிக்கறேன்."

"என் பொண்ணு படம். செத்துட்டா."

ஜெர்சன் அதற்கப்புறம் ஜோக் அடிக்கவில்லை. முதலில் கார்டு முழுவதையும் அப்படியே கம்ப்யூட்டரில் நகல் எடுத்துக்கொண்டு, பிறகு அந்த நகலில்தான் தேட வேண்டும் என்று விளக்கினான். பாதிதான் கிடைக்கலாம், பெயரெல்லாம் போய் வெறும் எண்ணாகத்தான் வரும் என்று எச்சரித்தான். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னான்.

இரண்டு நாளும் லெர்மா கார்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எல்மர் திரும்பப் போனபோது ஜெர்சன் முக்காலியைத் துடைத்துப் போட்டு, காதில் மாட்டும் ஹெட்போனைக் கொடுத்தான். "படம் நிறைய வந்திருக்கு, மனோங். வீடியோ கொஞ்சந்தான். சிலதுல சத்தம் மட்டும் கேக்கும். மெதுவா பாருங்க, நான் சாப்ட்டுட்டு வரேன்."

முதலில் படங்கள். பாதி முகம் மாயுமியாக இருக்கும். மீதி சாம்பல் பட்டையாக இருக்கும். பள்ளிச் சீருடை, பல் விழுந்த சிரிப்பு, குடைக்குள் ஒளிந்துகொண்ட இரண்டு கால்கள். எல்மர் ஒவ்வொன்றிலும் நின்று நின்று நகர்ந்தான். பிறகு வீடியோவைத் திறந்தான்.

மாயுமி மஞ்சள் கவுனில் நின்றாள். அந்தக் கவுனை அவனுக்கு நன்றாகத் தெரியும். 'அப்பா, சீக்கிரம் வாங்க, உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்' என்று அவள் கையசைக்கும் வீடியோ அவன் போனில் இருக்கிறது. அலை பொங்கி கப்பல் ஆடிய இரவுகளிலெல்லாம் அவன் பிடித்துக்கொண்டு கிடந்தது அதைத்தான். ஆனால் இது அது இல்லை. இதில் அவள் கையை அசைக்காமல் நின்றாள்.

"சொல்லும்மா," லெர்மாவின் குரல் கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்டது. "அப்பா சீக்கிரம் வாங்கன்னு."

"சொன்னேனே."

"சிரிச்சுகிட்டே சொல்லு. இன்னொரு தடவ."

"எத்தன தடவதான்ம்மா? கால் வலிக்குது."

அடுத்ததைத் திறந்தான். அதிலும் மஞ்சள் கவுன்தான். பாதி சொல்லும்போதே மாயுமி பார்வையை வேறுபக்கம் திருப்பி, வாசலில் போன நாயைப் பார்த்தாள். அதற்கடுத்தது மூன்று வயதில் எடுத்தது. "அப்பாக்கு முத்தம் குடு" என்று லெர்மா கெஞ்ச, குழந்தை போனின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்க யாருமில்ல" என்று தீர்ப்பு சொன்னது. இன்னொன்றில் திரை முழுக்க சாம்பல் நிறம்தான். குரல் மட்டும் வந்தது: "முடிஞ்சுதா? இப்ப கார்ட்டூன் பாக்கலாமா?"

கடைசியாக ஐந்தாம் பிறந்தநாள். மேஜையில் கேக். அதற்கு நான் வந்துவிடுவேன் என்று அவன் சொல்லியிருந்தான். அவனுக்குப் பதில் வர வேண்டிய ஆள் வராததால் கம்பெனி அவனை விடவில்லை. மாயுமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவரு வரேன்னாரு. பொய் சொன்னாரு. நான் அவர்கூடப் பேச மாட்டேன்."

"அப்பாக்கு வேலடி கண்ணு."

"பேச மாட்டேன்னா பேச மாட்டேன். அத ஆஃப் பண்ணு."

ஒரு சின்னக் கை வந்து கேமராவை மூடியது. விரல் இடுக்கில் சிவப்பாக வெளிச்சம் தெரிந்து, அணைந்தது.

ஜெர்சன் திரும்பி வந்தபோது எல்மர் ஹெட்போனைக் கழற்றாமல், வீடியோ ஓடி முடிந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாத்தையும் என் போன்ல போட்டுக் குடு," என்றான். "பாதி படம், வெறும் சத்தம், எதையும் விடாத."

வீட்டுக்குப் போனபோது லெர்மா அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். கையிலிருந்த துணிக்கூடையைக் கீழே வைத்தாள்.

"பாத்துட்டியா?"

"நீ அனுப்பினதெல்லாம் நடிப்பா?"

"நடிப்பில்ல. அலுத்துப்போன குழந்தைய எப்படி அனுப்பறது? அங்க ஒண்டியா கெடக்கற மனுஷன், சிரிக்கறதப் பாக்கட்டும்னு பொறுக்கி பொறுக்கி அனுப்பினேன். மத்தத அழிக்க எனக்கு மனசு வரல. அதுவும் அவதானே."

"அவளுக்கு என்னப் புடிக்கலையா, லெர்மா?"

பொய் சொல்ல ஒரு கணம் யோசித்தாள் என்பது அவனுக்குத் தெரிந்தது.

"உன்ன அவளுக்குத் தெரியாது," என்றாள் கடைசியில். "புடிக்காம இல்ல. தெரியாது."

அவன் வெளியே போய் மழையில் நனைந்துகொண்டு தெருமுனை வரை நடந்தான். அங்கே போக எந்த வேலையும் இல்லாததால் திரும்பி வந்தான். அப்புறம் சில நாட்கள் இருவரும் சாப்பிட வா, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் லெர்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தப் பொறந்தநாள் வீடியோவப் போடு," என்றாள். "அவ கோவப்படற குரல் எனக்கு மறந்துகிட்டே வருது. உனக்கு அனுப்பினதுல எல்லாம் சிரிப்புதான்."

அவன் போட்டான். இரண்டு பேரும் தலையோடு தலை ஒட்டிக் கேட்டார்கள். 'அத ஆஃப் பண்ணு' என்று குழந்தை அதட்டியபோது லெர்மா சட்டென்று சிரித்துவிட்டாள். அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எல்மர் அவள் முதுகில் கையை வைத்தான். அவன் வந்ததிலிருந்து அவள் அழுது அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அதுக்கப்புறம் என்ன பண்ணினா?" என்று கேட்டான்.

"என்ன பண்ணுவா? ரெண்டு துண்டு கேக் தின்னா. தூங்கிட்டா. குழந்ததானே."

எல்மர் தலையாட்டினான். "கோவமாவது பட்டாளே," என்றான்.

மழை ஓய்ந்த பிறகு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. அவன் போனான். வேறு என்ன வேலை தெரியும் அவனுக்கு. லெர்மா துறைமுகம் வரைக்கும் வந்து, பையைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

புதுக் கப்பலின் சமையல்காரர் வயதானவர், செபு தீவுக்காரர். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் தன் பேத்தி பாடும் வீடியோவை எல்லோருக்கும் காட்டிவிட்டு, "உனக்குப் புள்ளைங்க இருக்கா?" என்று கேட்டார்.

எல்மர் போனை எடுத்தான். மஞ்சள் கவுன் வீடியோவின் மேல் விரல் ஒரு நிமிஷம் நின்றது. அதைத் தாண்டிப் போய் வேறொன்றைத் திறந்து அவர் பக்கம் திருப்பினான். கேக்கும், சுவரைப் பார்த்துத் திரும்பிய சின்ன முதுகும் திரையில் தெரிந்தன.

"எம் பொண்ணு," என்றான். "எம்மேல கோவமா இருக்கா."