அவள் திரும்பி வந்த பக்கம்

அம்மாவின் படுக்கையருகே உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டிய மகளுக்கு வாசிப்பு அப்படியே நின்றுவிட்டது. நாவலின் கதாநாயகி புருஷன் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. படகில் ஏறுகிறாள், கரையில் நின்று அவன் கூப்பிடுகிறான், அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. அவ்வளவுதான் கதை.

சின்ன வயதிலிருந்து மகள் கேட்டு வளர்ந்தது வேறு முடிவு. அதில் கதாநாயகி படகை விட்டு இறங்கி வந்து புருஷனை மன்னிப்பாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அவள் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருக்க, அப்பாதான் வாசித்துக் காட்டுவார். அந்தக் கதாநாயகியின் பொறுமை யாருக்கு வரும் என்று ஒவ்வொரு தடவையும் உருகுவார். அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய், அப்பா காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் கூட்டி வந்த வருஷம் தொடங்கிய வாசிப்பு அது. பாவி மனிதர், பெண்டாட்டியைத் தக்கவைத்துக்கொள்ள ஒரு நாவலையே திருத்தியிருக்கிறார்.

டாக்டர் கையை விரித்து அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்பா கடைக்குப் போயிருந்த நேரத்தில், கடைசி அத்தியாயம் வேண்டும் என்று அவளாகத்தான் கேட்டாள். போகப்போகிறவளிடம் எதைப் படிப்பது? அப்பாவின் முடிவே இருக்கட்டும் என்று மகள், "அவள் படகை விட்டு இறங்கினாள்..." என ஆரம்பித்தாள்.

"நீயும் என்னப் பாக்குற," என்றாள் அம்மா.

"என்னம்மா?"

"இந்த எடத்துல உங்கப்பாவும் புத்தகத்தப் பாக்க மாட்டாரு. என் மூஞ்சியத்தான் பாப்பாரு. இருக்கறதப் படிடி."

அப்படியென்றால் இத்தனை வருஷமும் அம்மா தெரிந்தேதான் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். மகள் இருந்ததைப் படித்தாள். படகு போயிற்று.

"அப்படிப் போடு," என்றாள் அம்மா, கண்ணை மூடியபடி. பிறகு மெல்ல, "அதாண்டி அவகிட்ட எனக்குப் புடிச்சது."

மத்தியானம் சத்தமில்லாமல் போய்விட்டாள்.

மறுநாள் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகளுக்குக் கூடத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. யார் வந்திருக்கிறார்கள் என்று ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். உறை போட்ட மெஷினுக்கு எதிரே, தன் பழைய இடத்தில், மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஊசியில் நூல் கோக்க நேரம் கொடுப்பதுபோல் நடுநடுவே நிறுத்தினார். கதாநாயகி படகை விட்டு இறங்கி, நனைந்த காலோடு கரையேறிக்கொண்டிருந்தாள். அப்பா புத்தகத்தைப் பார்க்கவில்லை. மெஷினுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார்.