ஒன்பது டிக்கெட்டும் ஓர் ஆடும்

1.

இந்தக் கதை என் மகளின் சிக்கனத்தில் பிறந்தது. அதை ஒப்புக்கொள்ளாமல் எழுதிவிடத்தான் மூன்று நாளாகப் பார்க்கிறேன்.

முதல் தொடக்கம்: "எங்கள் ஊர் போர்ட் அன்டோனியோவில் கேலிமோர் குடும்பத்தார் எதற்கும் அவசரப்பட்டதில்லை." அடித்துவிட்டேன். பொய்.

இரண்டாவது: "டாக்டர் எனக்கு ஆறு வாரம் கெடு சொன்ன அன்று, டொரன்டோவில் இருக்கும் என் மகள் வெர்லின் கண்ணீரோடு..."

கண்ணீர் உண்மைதான். ஆனால் கண்ணீரோடு அவள் கணினியைத் திறந்தாள். அதை எந்த வார்த்தையில் எழுதுவது?

2.

நேராகவே எழுதுகிறேன். விமான டிக்கெட்டை ஆறு வாரம் முன்னால், செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாங்கினால்தான் மலிவு என்பது வெர்லினின் மதம்.* அன்று செவ்வாய்க்கிழமை. டாக்டர் சொன்னதும் ஆறு வாரம். என் அடக்கத்துக்கு ஒன்பது டிக்கெட் வாங்கிவிட்டாள். தேதி மாற்ற முடியாது, பணம் திரும்பாது.

நான் பிழைத்துக்கொண்டேன்.

(*சனி, ஞாயிறு பறப்பவன் முட்டாள் என்பதும் அந்த மதத்தில் உண்டு. அதனால் புதன்கிழமை விமானம், வியாழக்கிழமை அடக்கம். எங்கள் ஊரில் மதிப்புள்ள எவரையும் வியாழக்கிழமை புதைத்ததில்லை.)

3.

[வெர்லினை நீக்கிவிட்டுத் தூரத்து உறவுக்காரன் ஒருவனைப் போடலாமா என்று யோசித்தேன். குடும்ப மானம் தப்பும். ஆனால் அவள் தொலைபேசியில் பேசியதை வேறு யார் வாயில் வைப்பது?]

"அப்பா, தேறிட்டீங்களாமே! எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!"

"அப்புறம் ஏன் அழற?"

"டிக்கெட்டுப்பா..."

"வேணும்னா இன்னொரு தடவை முயற்சி பண்ணிப் பார்க்கட்டுமா?"

"அய்யோ, வாயை மூடுங்கப்பா! பேசாம எல்லாரும் வந்துடறோம். ஊருக்கு ஏதாவது காரணம் சொல்லி வைங்க."

4.

செத்தவனை வழியனுப்பும் ஒன்பதாம் இரவு விருந்துக்கு வாங்கிய ஆடு என் முற்றத்தில்தான் நிற்கிறது. தழை போடுவது நான். எங்கள் இருவரில் யார் முந்துவது என்பது முடிவாகிவிட்டது, ஆட்டுக்குத்தான் தெரியாது.

சனிக்கிழமை காலை வேலியோரம் மிஸ் ஐசில்டா வந்தாள். பக்கத்து வீட்டு விதவை; எங்கள் ஊரில் மூத்த பெண்கள் எல்லாருமே 'மிஸ்'தான். நான் தபால் அதிகாரியாக இருந்த காலத்திலேயே என்னைவிட வேகமாகச் செய்தி பட்டுவாடா செய்தவள்.

"ஏன் மிஸ்டர் கேலிமோர், ஒம்பது பேரு ஒரே பிளேன்ல வர்றாங்களாமே? கிறிஸ்துமஸும் இல்ல, ஈஸ்டரும் இல்ல. ஆடு வேற கொழுத்து நிக்குது. என்ன விசேஷம்?"

தகப்பன் சாவுக்கு முன்பதிவு செய்த பிள்ளைகள் என்று ஊர் சிரிப்பதா? முதுகை நிமிர்த்தினேன்.

"கல்யாணம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவள் கையிலிருந்த கீரைக்கட்டு கீழே விழுந்தது.

"எண்பத்தோரு வயசுலயா! பொண்ணு யாரு?"

5.

மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் உண்மையைச் சொல்கிறேன். அந்தத் தாளை ஆட்டுக்குப் போட்டேன். ஒன்றில் இருமிக்கொண்டே உள்ளே போகிறேன். (அன்று நடந்தது அதுதான்.) மூன்றாவதில் அவள் முகத்தைப் பார்த்து, "மிஸ் ஐசில்டா, உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால்..."

அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. கேலிமோர்கள் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவதில்லை. விமானக் கம்பெனியைப் போலத்தான்.

இன்று திங்கட்கிழமை. மிஸ் ஐசில்டா, தேவாலயத்துக்கு மட்டும் போடும் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு வேலியோரம் வந்து, என் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மணப்பெண்ணின் பெயரை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நாளை மறுநாள் ஒன்பது பேர் வந்து இறங்குகிறார்கள், சீக்கிரம் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் எல்லாம் விலை ஏறிவிடும் என்பாள் வெர்லின்.