வேரோடு எடுக்காத கொடிகள்

கொடி வெட்டும் மேஸ்திரிக்கு உலகத்தில் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான்: அரைகுறை வேலை. மரத்தை நெரிக்கும் கொடியை வெட்டினால் மட்டும் போதாது, அடியில் தோண்டி வேரையும் வெளியே எடுத்துப் போட வேண்டும். அவர் கைபட்ட காட்டில் தரை பெருக்கிவிட்ட கூடம் மாதிரி இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அவர் குழுவில் ஆறு பேர். ஐந்து பேர் சொன்னதைச் செய்வார்கள். ஆறாவது ஆள் அவருடைய அக்கா புருஷன். மனுஷர் தங்கம்தான், ஆனால் உடம்பு வணங்காது. எதைச் சொன்னாலும் "நாளைக்கு ஆகட்டும்" என்பதால் எல்லோருக்கும் அவர் 'நாளைக்கு மாமா'. அக்காவுக்குத் தம்பியாகப் பிறந்த பாவத்துக்கு மேஸ்திரி அவரையும் வைத்துக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கும் அதே காட்டில்தான் வேலை. வியாழக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு, ஓடையை ஒட்டி ஒரே பாதையில் ஒரே வேகத்தில் நடந்து பட்டாம்பூச்சிகளை எண்ணி ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பதினோரு வருஷமாக எண்ணுகிறாள். அவளுக்கு உயிரானது கறுப்புச் சிறகும் சிவப்பு உடம்புமாக இருக்கும் ஒரு ஜாதி. அதன் புழு ஈச்சுரமூலிக் கொடியின் இலையை மட்டும்தான் தின்னும். பட்டினி கிடந்து செத்தாலும் வேறு இலையில் வாய் வைக்காது. அந்தக் கொடி அந்தக் காட்டிலேயே ஓடையின் இரு கரையிலும்தான் இருந்தது. மொத்தம் நாற்பத்தொன்று.

இந்த வருஷம் கொடி வெட்டும் முறை அந்தக் கரைகளுக்கு வந்தபோது அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"நாற்பத்தொண்ணுக்கும் மஞ்சள் நாடா கட்டியிருக்கேன்டா. அதுல கை வெச்சே, அப்புறம் அக்கான்னு வாசப்படி ஏறாதே."

"எனக்குத் தெரியாதாக்கா?" என்றார் மேஸ்திரி. குழுவிடமும் கறாராகச் சொன்னார்.

செவ்வாயும் புதனும் வெட்டினார்கள். கிழக்குக் கரையை மேஸ்திரியே நின்று முடித்தார். மேற்குக் கரையை மாமாவிடம் விட்டார். வியாழக்கிழமை அக்கா வந்தாள். ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் மேஸ்திரி போய்ப் பார்த்தார். வெட்டிப்போட்ட குவியலின் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் வாடிய கொடி, அதில் மஞ்சள் நாடா.

"ஒண்ணுகூட விடலையேடா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"சத்தியமா நாடா கண்ணுல படலைக்கா."

அது உண்மை. முட்டையும் புழுவும் இருப்பது தளிரில், அதனால் அவள் தன் கண் உயரத்தில் நாடாவைக் கட்டியிருந்தாள். கொடி வெட்டுகிறவர்களோ குத்துக்கால் போட்டு உட்கார்ந்து அடியைப் பார்த்து அறுக்கிறவர்கள். மேலே தொங்குவதை எவனும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒரே காட்டில் இத்தனை வருஷம் வேலை செய்தும் அவள் எங்கே பார்ப்பாள் என்று அவரும் கேட்டதில்லை, அவர் எங்கே பார்ப்பார் என்று அவளும் கேட்டதில்லை.

குவியலில் புழுக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. இருவரும் பொறுக்கினார்கள். அக்கா வீட்டில் வெட்டுண்ட கொடிகளை வாளித் தண்ணீரில் நிறுத்திப் புழுக்களை அவற்றின் மேல் விட்டாள். நான்கு நாள் இலை தாங்கியது. பெரிய புழுக்கள் கூடு கட்டிக்கொண்டன. சின்னவை சுருண்டு செத்தன.

"கூட்டுல இருக்கிறது சிறகு முளைச்சு வெளிய வந்தா எங்கடா முட்டை போடும்? உன் தலையிலயா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

மேஸ்திரிக்குச் சோறு இறங்கவில்லை. கிழக்குக் கரையில் தான் தோண்டிப்போட்ட வேர்களைத் தேடி எடுத்து மறுபடி நட்டார். தினம் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். வெயிலில் அத்தனை நாள் காய்ந்த வேர் எப்படிப் பிடிக்கும்? ஒன்றும் பிடிக்கவில்லை. தன் சுத்தமான வேலையைப் பார்த்து அவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக வயிறு எரிந்தது.

மூன்றாவது வியாழக்கிழமை அக்கா எண்ணப் போனாள். மேஸ்திரி குடமும் மண்வெட்டியுமாகப் பத்தடி பின்னால் போனார். மாமாவும் சும்மா வந்தார். ஓடையைத் தாண்டி மேற்குக் கரையில் அக்கா நேராகப் பார்த்தபடி நடந்து போய்விட்டாள். மேஸ்திரி வழக்கம்போலத் தரையைப் பார்த்து நடந்தார். சருகுக்குள்ளிருந்து கணுக்கால் உயரத்தில் ஒரு தளிர் எட்டிப் பார்த்தது.

உட்கார்ந்து சருகை விலக்கினார். அடிக்கட்டை அப்படியே இருந்தது. தோண்டவே இல்லை! மேலோடு வெட்டிவிட்டு, தோண்டாதது தெரியாமல் சருகை அள்ளி மூடி வைத்திருந்தார் மாமா என்கிற மகானுபாவர். சுர்ரென்று கோபம் ஏறியது. தளிரைத் திருப்பிப் பார்த்ததும் அது இறங்கிவிட்டது. இலையின் அடியில் கடுகளவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு முட்டை.

"அக்கா!" என்று கத்தினார். "குனிஞ்சு பாருக்கா!"

அவள் ஓடி வந்து முழங்காலிட்டாள். பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு இரண்டு பேரும் தவழாத குறையாகக் கரை முழுக்கத் தேடினார்கள். பத்தொன்பது கட்டைகள் துளிர்த்திருந்தன.

"இந்தப் பக்கம் வெட்டினது யாருடா?" என்றாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவரோடு பேசிய பேச்சு அது.

மாமா மேஸ்திரியைப் பார்த்து, சொல்லிவிடாதே என்று கெஞ்சுவதுபோல் தலையை ஆட்டினார். மேஸ்திரிக்கும் சொல்ல வாய் கூசியது. ஊரெல்லாம் அவரைச் சோம்பேறி என்று சொல்லித் திரிந்த வாயாயிற்றே.

"மாமாதான்க்கா" என்றார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, "மாமா, நல்ல வேலை பண்ணியிருக்கீங்க" என்றார்.

குத்திக்காட்டுகிறான் என்று மாமாவுக்கு முகம் தொங்கிவிட்டது. அக்கா வேறு கண்ணில் தண்ணீரோடு நிற்கிறாள். அந்த மனுஷருக்கு ரோஷம் வந்தே விட்டது. மேஸ்திரி கீழே போட்டிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

"தப்புதான் மச்சான். நாளைக்குன்னு சொல்ல மாட்டேன், இப்பவே வேரோட தோண்டிடறேன்!"

"ஐயோ, தொடாதீங்க!" என்று அக்காவும் தம்பியும் ஒரே குரலில் கத்தினார்கள்.