சுண்ணாம்பு அடித்த ஆதாரம்

புயல், பிரமிளாவின் ஆறு குடில்களையும் சாப்பாட்டுக் கூடத்தையும் வாரிக்கொண்டு போனது. கழிவறையை மட்டும் வேண்டாமென்று விட்டுவிட்டது. திருமலை தரிசனம் முடித்து வாகாடு பக்கம் கடல் பார்க்க வருபவர்களுக்கு அறையும் மீன் வறுவலும் தருவது அவள் தொழில்.

கட்டட அனுமதி தரும் திருப்பதி அலுவலகத்தில் விதி வாரத்துக்கொன்றாய் மாறியது. கடலிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளிக் கட்டு என்றார்கள். பிறகு ஐநூறு. ஐநூறாவது மீட்டரில் அடுத்தவர் இறால் குட்டை இருந்தது. இந்த வார விதிப்படி, பழைய கட்டடத்தைப் பழுது பார்க்கலாம். புதிதாகக் கட்டக் கூடாது. ஆகவே அவள் 'கழிவறை பழுது' என்று மனு எழுதி, பழுது விவரத்தில் ஆறு குடில்களையும் ஒரு கூடத்தையும் சேர்த்திருந்தாள். இன்று ஆய்வு. பத்து நாளில் சங்கராந்தி விடுமுறை. அதை விட்டால் மே வரை ஈ ஓட்ட வேண்டியதுதான்.

இரண்டு நாள் திருப்பதியில் அலைந்துவிட்டு ஜெராக்ஸ் கட்டோடு பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தவள் அப்படியே நின்றாள். கழிவறைக்குப் புதுச் சுண்ணாம்பு, புது டைல்ஸ், மாவிலைத் தோரணம்.

"எப்டிக்கா கீது?" என்றான் தம்பி ஹரிபாபு.

"அடப்பாவி! பழசுன்னு காட்டத்தாண்டா ஆபீசர வரச் சொன்னேன். கல்யாணப் பொண்ணாட்டம் ஜோடிச்சி வச்சிக்கினு நிக்கிறியே!"

"பெரிய சார் வர்றாரு. அழுக்காவா காட்டுவாங்க?"

ஈர மணலை அள்ளிச் சுவரில் அப்பினாள். நேற்றுக் கட்டியதை இன்று அசிங்கப்படுத்தியது போலிருந்தது. கழுவினாள். கரண்டிக் காம்பால் டைல்ஸை நெம்பினாள். அசையவில்லை.

"பொறந்ததுலருந்து இந்த ஒரு வேலயத்தான் ஒழுங்கா செஞ்சிக்கீற."

ஜீப் வந்தது. அதிகாரி கிருஷ்ணப்பா சுற்றிப் பார்த்தார்.

"ஏம்மா, கொத்த பில்டிங் இது. புதுசைப் பழசுன்னு நான் எப்படி எழுதறது?"

"சுண்ணாம்பு மட்டுந்தான் சார் புதுசு!"

அவர் முடியாதென்று தலையாட்ட ஆரம்பித்து, நிறுத்தினார். திருப்பதியிலிருந்து மூன்று மணி நேரப் பயணம், வழியில் டிபன். சவுக்குத் தோப்புப் பக்கம் பார்த்தார். அதையும் புயல் படுக்க வைத்திருந்தது. கதவைப் பார்த்தார்.

"தண்ணி இருக்கா?" என்றார் மெல்ல.

ஹரிபாபு வாளியோடு ஓடினான்.

பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தவர் சாந்தமாக இருந்தார். ஜீப் மேல் காகிதத்தை வைத்து எழுதினார்: 'பழைய கழிவறை. பயன்பாட்டில் உள்ளது.'

"குடிலுங்க சார்?"

"அதுக்குப் புது ஜி.ஓ. வருதாம். இப்போ இதுக்கு மட்டும்தான் பர்மிஷன்."

பிரமிளா காகிதத்தை மூன்று முறை படித்தாள். பிறகு தம்பியைத் தார்ச்சாலைக்கு விரட்டினாள்: "போயி வண்டிங்கள நிறுத்துடா! பாத்ரூம் கீதுன்னு கத்து!"

மதியத்துக்குள் மூன்று வேன்கள். வரிசை கடல்வரை நீண்டது. வரிசையில் நின்றால் பசிக்கும். அவள் மணலில் அடுப்பை மூட்டிக் குடை பிடித்தாள். குடை எந்த விதியிலும் கட்டடம் இல்லை.

"ரூம் கெடைக்குமாம்மா?" என்றார் ஒரு மொட்டைத் தலைக்காரர்.

"ரூல் இன்னும் வர்லண்ணா. மீன் கீது, துன்றீங்களா?"